பொட்டலம் போக மிஞ்சிய சித்திகள்

அரவேணு பஸ் நிறுத்தத்தில் இறங்கி லிங்கசாமி மளிகைக்கடை எங்கே என்று கேட்டுப் பாருங்கள், நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். சித்தர் கடை என்று கேளுங்கள், டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் கையை நிறுத்தாமலே மோவாயால் வழி காட்டுவார். சித்தர் என்றதும் சடையும் தாடியும் கண்முன் வந்தால் அதை இப்போதே அழித்துவிடுங்கள். அவர் தினமும் சவரம் செய்துகொள்கிறவர். பழுப்புக் கம்பளிக் குல்லாய், முழங்கையில் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டர், காதில் ஒரு பென்சில். உளுந்து வடை என்றால் உயிரை விடுவார். இப்பேர்ப்பட்டவருக்கு அந்தப் பட்டம் வந்த கதைதான் இது.

லிங்கசாமி அன்னூர்க்காரர். ஐம்பத்தெட்டாம் வருஷம் மாமாவின் கடையில் நிற்க மலையேறி வந்தவர், குளிர் ஒத்துக்கொள்ளாமல் மாமா கீழே இறங்கிப்போன பிறகும் இறங்கவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தான். ஆனால் கோயமுத்தூரில் இருந்த இரண்டு வருஷம் மாலை வகுப்பில் இந்தி படித்து ஒரு பரீட்சையும் தேறியிருந்தார். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தார். அந்தப் படிப்பால் இருபத்து நாலு வருஷத்தில் ஒரே ஒரு பிரயோசனம்தான் உண்டாயிற்று. தீப்பெட்டி வாங்க நின்ற ஒரு வடநாட்டுக் குடும்பத்துக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று சொன்னார். மற்றபடி அந்த எழுத்து தனக்கு எதற்கு வாய்த்தது என்று அவருக்கே விளங்கவில்லை, எண்பத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் அந்தக் காகித மூட்டை வந்து சேரும் வரைக்கும்.

குன்னூரில் ஏதோ ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது எடைக்கு விழுந்த காகிதம் அது. கடைக்குப் பொட்டலம் கட்ட வாங்கினது. பொட்டலம் மடிப்பது அவர் மனைவி அம்சவேணியின் வேலை. அந்த அம்மாள் கை வைத்தால் கால் கிலோ மிளகு காகிதத்துக்குள் போய் உட்கார்ந்து தானாகவே வாயை மூடிக்கொண்டதோ என்று தோன்றும். மூட்டையில் இருந்த தடித்த புத்தகம் ஒன்றின் தாள் நல்ல கெட்டியாக இருக்கவே, முதலில் அதைத்தான் கிழிக்க ஆரம்பித்திருந்தாள். நாலைந்து நாள் கழித்து, சீரகப் பொட்டலம் ஒன்றின் முதுகில் தான் படித்த இந்தியின் நாகரி எழுத்தைக் கண்டு லிங்கசாமி துள்ளி எழுந்தார்.

"அம்சா! இதென்ன கிழிச்சுப்போட்ட?"

"ஏனுங்க, பூச்சி அரிச்ச புக்குங்க. யாரு படிக்கப்போறா?"

மிச்சத்தைப் பிடுங்கி வைத்துப் பார்த்தார். யோகம் பற்றிய சமஸ்கிருத நூல். வரிக்கு வரி கீழே தமிழில் உரை இருந்தது. அந்த உரையில் பாதி சமஸ்கிருதம், மீதியைத் தமிழ் என்று சொல்ல உரை எழுதியவருக்குத் துணிச்சல் வேண்டும். உரைக்கே ஒரு உரை தேவைப்பட்டது. மனத்தை எப்படி அடக்குவது, எப்படி உட்காருவது, எப்படி மூச்சு விடுவது என்று சொன்ன முன்பகுதி முழுவதும் மிளகாகவும் சீரகமாகவும் அரவேணு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசிப் பகுதியும் போயிற்று. நடுவிலும் ஒரு தாள் இல்லை. பொட்டலம் போக மிஞ்சியது ஒரே ஒரு பகுதி. தியானத்தில் என்னென்ன சித்திகள், அதாவது அமானுஷ்ய சக்திகள், கைகூடும் என்று வரிசையாகச் சொல்கிற பகுதி.

வாசற்படியும் இல்லாமல் பின்கதவும் இல்லாமல் ஒருவரை நேராகப் பொக்கிஷ அறைக்குள் இறக்கிவிட்டால் என்ன ஆவார்? லிங்கசாமியும் அதுதான் ஆனார்.

மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து மலைக் கடைகளுக்கெல்லாம் சரக்கு ஏற்றிவரும் லாரி டிரைவர் நெல்சனிடம் சொல்லி, கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு சமஸ்கிருத அகராதி வரவழைத்தார். நெல்சன் அதைப் புளி மூட்டைக்கும் வத்தல் மூட்டைக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்ததால் அகராதி கடைசி வரைக்கும் காரநெடி அடித்தது. தினமும் விடியற்காலை கடை திறக்கும் முன்பு, அரிசி மூட்டைமேல் சம்மணம் போட்டு, ஒரு வரிக்கு ஒரு வாரம் என்று தும்மிக்கொண்டே பொருள் தேடினார். தேடியதைச் சோதித்தும் பார்த்தார். மளிகைக்காரர் அல்லவா, எதையும் தராசில் வைக்காமல் நம்பமாட்டார்.

உடம்புக்கும் வெளிக்கும் உள்ள தொடர்பைத் தியானித்தால் பஞ்சு போல் இலேசாகி ஆகாயத்தில் போகலாம் என்று ஓரிடத்தில் வந்தது. உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசில் தியானத்துக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் ஏறி நின்றார். ஒரு மாதத்தில் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. யானையின் பலத்தைத் தியானித்தால் யானைப் பலம் வரும் என்றது இன்னொன்று. மசினகுடிக்குப் போய் ஒரு யானையை அரைநாள் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு வந்து சர்க்கரை மூட்டையைத் தூக்கினார், இடுப்புப் பிடித்துக்கொண்டு நாலு நாள் படுத்தார். தொண்டைக் குழியில் மனத்தை நிறுத்தினால் பசி தாகம் போய்விடும் என்று படித்த அன்று மத்தியானம் வரை தாக்குப்பிடித்தார். அதற்குமேல் அம்சவேணி வடை போட்டுவிட்டாள். பிறர் கண்ணுக்கு மறைந்துபோகும் சித்தி மட்டும் ஒரு தடவை பலித்தது. கல்லாவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவரை இரண்டு பேர் "கடையில ஆளில்லீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அன்றைக்குப் பனிமஞ்சு கடைக்குள்ளேயே வந்து நின்றதால் அலமாரியும்தான் மறைந்திருந்தது என்று அம்சவேணி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருக்கு உண்மையாகவே கைகூடியது பிறர் மனத்தை அறியும் சித்தி. அதாவது, கைகூடியதாக ஊர் நம்பியது. ஆள் படியேறும்போதே சொல்லிவிடுவார். "வாங்க, துவரம்பருப்பு அரைக்கிலோ, கடுகு கொஞ்சம், அப்புறம் ஊட்டுக்காரருக்குத் தெரியாம ஒரு மூக்குப்பொடி டப்பா." வந்த பெண்மணி வாயைப் பிளப்பாள். இப்படித்தான் சித்தர் பட்டம் வந்தது.

"வாரா வாரம் அவங்க வாங்கறதே அதுதானுங்க. இதுல என்ன சித்து?" என்பாள் அம்சவேணி.

"உனக்கு அதெல்லாம் புரியாது, போ."

இந்த விளையாட்டு மூன்று வருஷம் யாருக்கும் கெடுதல் இல்லாமல் நடந்தது. எண்பத்தைந்தாம் வருஷம் கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் மூக்கம்மா கடைக்கு வந்ததும் விளையாட்டு போய்விட்டது.

மூக்கம்மா பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவளும் புருஷனும் எழுபத்து நாலில் சர்க்கார் ஒப்பந்தப்படி சிலோனிலிருந்து கப்பலில் அனுப்பப்பட்டு வந்தவர்கள். சர்க்கார் அவர்களுக்குக் காட்டிய இடம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு நூல் மில். பிறந்ததிலிருந்து தேயிலை மலையைத் தவிர வேறொன்றும் பாராத புருஷனும் பெண்டாட்டியும் அந்த வெயிலில் ஆறு மாதம் வெந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நீலகிரிக்கு ஏறிவிட்டார்கள். அவளுக்குப் பின்னால் நாலு வருஷம் கழித்து அவள் தங்கை செல்லக்கண்ணுவும் கப்பலேறினாள் என்று தெரிந்தது. எங்கே இறக்கிவிட்டார்கள் என்று தெரியவில்லை. செல்லக்கண்ணு மில் விலாசத்துக்கு எழுதியிருந்தால் அங்கே அக்காள் இல்லை. மூக்கம்மா சிலோனில் பழைய தோட்டத்துக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது. ஆபீசில் போய்க் கேட்டால் புருஷன் பெயர் கேட்டார்கள், பதிவேட்டில் பெண்கள் எல்லாரும் புருஷன் பெயருக்குக் கீழே இருந்தார்கள். செல்லக்கண்ணுக்குக் கல்யாணம் ஆனதே அக்காள் கப்பலேறின பிறகுதான், அந்தப் பெயர் அக்காளுக்கு எப்படித் தெரியும்? மூக்கம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், லயத்தில், சொல்வார்கள்.

அன்றைக்குக் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். லிங்கசாமி புதிதாகப் பொருள் கண்ட ஒரு வரியை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார். மனத்தின் வெளிச்சத்தை ஒன்றின்மேல் திருப்பினால், அது எவ்வளவு நுட்பமானாலும், மறைவாக இருந்தாலும், தூரத்தில் இருந்தாலும் தெரிந்துவிடும் என்று அந்த வரி சொல்லியது. மூக்கம்மா உப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மொதலாளி, என் தங்கச்சி எங்க இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

லிங்கசாமி காதிலிருந்த பென்சிலை எடுத்தார். மூக்கம்மா விடவில்லை.

"போன போகிக்கு நான் வாயத் தொறக்க முந்தியே டின் பால் ஒண்ணு, சுருட்டு ரெண்டு, கிரீம் பிஸ்கட் ஒண்ணுன்னு எடுத்து வச்சீங்கல்ல? அது எங்கம்மாவுக்குப் படைக்கிறது. செத்துப்போன எங்கம்மா மனசே ஒங்களுக்குத் தெரியுது. உசிரோட இருக்கிறவளைத் தெரியாதா?"

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிங்கசாமிக்கு மூன்று வருஷத்துப் புகழ் தலைக்கு ஏறியிருந்தது.

"ஒரு மண்டலம் டயம் குடு மூக்கம்மா. நாப்பத்தெட்டு நாளு. சொல்லறேன்" என்றார்.

மூக்கம்மா சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லாத, வாய் நிறைந்த சிரிப்பு. அவள் படியிறங்கிப் போன பிறகு, பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த அம்சவேணி தலை நிமிராமலே கேட்டாள்.

"அந்தப் பொம்பளை சிரிச்சதைப் பாத்தீங்களா? நாப்பத்தொம்பதாம் நாளு அந்த மூஞ்சியை எப்படிப் பாப்பீங்க?"

லிங்கசாமி அன்றிரவு சாப்பிட்டது பாதி வயிற்றுக்குத்தான். தொண்டைக் குழி தியானம் செய்யாமலே பசி போயிருந்தது.

மறுநாளிலிருந்து விடியற்காலை நாலரைக்கே மூட்டைமேல் ஏறினார். வெளிச்சத்தைத் திருப்பினார். எங்கே திருப்புவது? வடக்கே திருப்பினால் மைசூர் வரைக்கும் ஒன்றும் இல்லை. தெற்கே திருப்பினால் தூக்கம் வந்தது. கண்ணை மூடினால் தெரிந்ததெல்லாம் நல்லெண்ணெய் டின்னும் வெல்ல மண்டையும்தான். மூக்கம்மா வாரம் ஒரு நாள் வருவாள். எதுவும் கேட்கமாட்டாள். சாமான் வாங்கும்போது அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவாள். அதற்கு அவள் வாய்விட்டே கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தொலைத்திருப்பார். லயத்தில் அவள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாள் என்று ஒருநாள் கேள்விப்பட்டார். தங்கச்சி வந்தால் வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமாம்.

முப்பதாம் நாள் காலை அம்சவேணி காபியோடு வந்தபோது அவர் மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அகராதி நெடி என்று சொல்லப் பார்த்தார். அவள் நம்பவில்லை.

"ஏனுங்க, அந்த வரியில என்னதான் போட்டிருக்குது? இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னார்.

"ஒண்ணு மேல வெளிச்சத்தைத் திருப்போணும். செரி. நீங்க எது மேல திருப்பறீங்க? அந்தச் செல்லக்கண்ணை நீங்க பாத்திருக்கீங்களா? கறுப்பா செவப்பா? என்னமோ இருட்டுல டார்ச் அடிக்கறாப்பல அடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க. உங்களுக்குத் தெரிஞ்சது எதுவோ அது மேல அடிங்க. அங்கிருந்து தெரியாதது தெரியும்."

"எனக்கு என்ன தெரியும் அம்சா?"

"யாரு என்ன சாமான் வாங்கறாங்கன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுக் காலி டம்ளருக்குக் கையை நீட்டினாள்.

லிங்கசாமி டம்ளரைக் கொடுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தேழு வருஷத்தில் அரவேணுவில் போகிக்கு டின் பாலும் சுருட்டும் கிரீம் பிஸ்கட்டும் மூன்றும் சேர்த்து வாங்கியவள் ஒருத்திதான். சுருட்டு வாங்குகிற வீட்டில் கிரீம் பிஸ்கட் வாங்கமாட்டார்கள். கிரீம் பிஸ்கட் வாங்குகிறவர்கள் டின் பால் கேட்கமாட்டார்கள், அதுதான் கறந்த பால் கிடைக்கிறதே. கடைக்காரனுக்கு முகம் மறந்துபோகலாம், வாங்கின சாமான் மறக்காது. குல்லாயைக்கூடச் சரியாக மாட்டாமல் எஸ்டேட்டுக்கு ஓடினார்.

மூக்கம்மா கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு தேயிலைச் செடி நிரையில் நின்றாள்.

"மூக்கம்மா, போகிக்கு உங்கம்மாவுக்குப் படைக்கறீல்ல, அது எதுக்கு அந்த மூணும்?"

"எங்கம்மா செத்தது போகி அன்னைக்கு, மொதலாளி. டின் பால் ஊத்தி ஒரு தேத்தண்ணி வேணும்னு கேட்டா. தங்கச்சிதான் கடைக்கு ஓடி வாங்கியாந்தா. குடிச்சிட்டு, பிஸ்கட்டுல ஒரு கடி கடிச்சா. சுருட்டைப் பத்த வைக்க ஏலாமப் போயிருச்சு. அதான் ரெண்டா வைக்கிறது."

"உன்ற தங்கச்சியும் இதையே படைப்பாளா?"

மூக்கம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "படைக்காம? சோறில்லாட்டியும் அதைப் படைப்பா."

அன்று மத்தியானம் அம்சவேணி பொட்டலத் தாளை எழுபது துண்டாக வெட்டினாள். அவர் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதினாள், அவர் கையெழுத்து அவருக்கே அடுத்த நாள் புரியாது என்பதால். "கடைக்கார ஐயா அவர்களுக்கு வணக்கம். போகியன்றோ முதல் நாளோ உங்கள் கடையில் ஒரு பெண் டின் பால் ஒன்று, சுருட்டு இரண்டு, கிரீம் பிஸ்கட் ஒன்று, மூன்றும் சேர்த்துக் கேட்டால், தயவுசெய்து நிறுத்தி, உன் அக்காள் பெயர் மூக்கம்மாவா என்று கேட்கவும். ஆமென்றால் நீலகிரி அரவேணு சித்தர் கடைக்கு அனுப்பி வைக்கவும். புண்ணியமாகப் போகும்." சித்தர் கடை என்று எழுத லிங்கசாமி கூச்சப்பட்டார். வேறு பேரைப் போட்டால் வழி தெரியாது என்று அம்சவேணி அடித்துச் சொன்னாள்.

நெல்சன் கட்டைப் பார்த்து முறைத்தான். "ஏனுங்ணா, நான் வத்தல் ஏத்தறவனுங். தபால்காரனா?" என்றவன், விஷயத்தைக் கேட்டதும் கட்டை வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். தேயிலை மலைக்காரி மலையை விட்டுப் போயிருக்கமாட்டாள் என்ற கணக்கில், கோத்தகிரி, காந்தல், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று சரக்கு இறக்கிய கடையெல்லாம் ஒரு சீட்டும் இறங்கியது. "இதைக் கல்லாவுல ஒட்டுங், இல்லாட்டி அடுத்த டிரிப்பு உங்க சரக்கு கடைசியாத்தான் வரும்" என்று மிரட்டிக் கொடுத்தானாம். அதை அவனே பெருமையாக வந்து சொன்னான்.

போகி வந்தது. நாற்பத்தெட்டாம் நாள். எந்தத் தகவலும் வரவில்லை. மூக்கம்மா வந்தாள். அவர் டின் பாலையும் சுருட்டையும் பிஸ்கட்டையும் எடுத்து வைத்தார்.

"அரிசி ரெண்டு கிலோ கூடுதலாப் போடுங்க மொதலாளி. வெல்லமும்" என்றாள். "வீட்டுல ஒரு ஆள் கூடுதல் இல்ல? நாளைக்கு நீங்களும் அம்மாவும் எங்க லயத்துக்குப் பொங்கச்சோறு திங்க வரணும்."

அரிசி அளக்கும்போது லிங்கசாமி கொஞ்சம் தரையில் சிந்திவிட்டார்.

பொங்கலன்று பன்னிரண்டு மணிக்கு அவர் மட்டும் லயத்துக்குப் போனார். ஏலக்காய் மறந்தவர்கள் வருவார்கள் என்று அம்சவேணி கடையில் இருந்தாள். வெள்ளையடித்த சுவரில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள் மூக்கம்மா. முந்தின நாள் படையல் அம்மாவின் படத்துக்கு முன்னால் அப்படியே இருந்தது. அவர் உட்காரவில்லை. குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மூக்கம்மா, நான் பொய் சொல்லிப்போட்டேன். எனக்கு ஒரு சக்தியும் கெடையாது. சாமான் வாங்க வர்றவங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லறதுதான் நமக்குத் தெரிஞ்ச வித்தை. என்னால முடிஞ்சது எழுவது சீட்டு எழுதி அனுப்புனேன். ஒண்ணும் நடக்கலை. மன்னிச்சுக்க தாயி."

 மூக்கம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏழெட்டு வருசமா எத்தனையோ ஆபீசுக்குப் போயிட்டேன் மொதலாளி. எல்லாரும் அவ புருசன் பேரைத்தான் கேட்டாங்க. எங்கம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான். ஒக்காருங்க, சாப்பிடுங்க."

அப்போதுதான் லயத்துக்குக் கீழே பாதையில் அம்சவேணியின் குரல் கேட்டது. குரல் என்பது மரியாதைக்குச் சொல்வது, கத்தல்தான். பொங்கலும் அதுவுமாகக் கடையைச் சாத்திவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சேரம்பாடியிலிருந்து விடிய ஆறு மணிக்குக் கிளம்பி மூன்று பஸ் மாறி வந்த இன்னொருத்தி வந்தாள். அவள் கையில் கசங்கிய சீட்டு ஒன்று இருந்தது. அதன் முதுகில் அந்த ஊர் மலையாளிக் கடைக்காரர், ஆள் கிடைத்துவிட்டாள், அனுப்புகிறேன் என்பதைத் தன் கலப்புத் தமிழில் எழுதியிருந்தார்: "ஆளு கிட்டிப்போயி. அனுப்புன்னு."

இரண்டு பேரும் மூன்றடி தூரத்தில் நின்றார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி தடவிப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். செல்லக்கண்ணு பையைத் திறந்தாள். ஒரு டின் பால், ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட், ஒரு சுருட்டு.

"எங்க ஊர்க் கடையில ஒண்ணுதான் இருந்துச்சு அக்கா. அம்மாவுக்கு ரெண்டு வேணுமேன்னு அந்த மொதலாளிக்கூடச் சண்டை போட்டேன். அவரு சண்டையைக் கேக்காம, ஒன் அக்கா பேரு மூக்கம்மாவான்னு கேக்குறாரு."

"என்கிட்ட ரெண்டு இருக்குடி" என்றாள் மூக்கம்மா. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பிறகு அழுதார்கள், சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள். பொங்கல் பானை பொங்கி அடுப்பை அணைத்ததை யாரும் பார்க்கவில்லை. லயமே கூடிவிட்டது. அம்சவேணி அடுப்பை மறுபடி மூட்டி எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டாள், செல்லக்கண்ணு கொண்டுவந்த டின்னை உடைத்து. லிங்கசாமி அவ்வளவு இனிப்பான டீயை வாழ்நாளில் குடித்ததில்லை. கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவும் இல்லை.

பிஸ்கட்டை ஒரு தாளில் பரப்பி அவர் முன்னால் வைத்தாள் மூக்கம்மா. நாகரி எழுத்து. சாமி எழுத்து மாதிரி இருக்கிறதே என்று, மூன்று வருஷத்துக்கு முந்தின மல்லிப் பொட்டலத்தின் தாளை எறியாமல் அம்மா படத்துக்கு அடியில் விரித்து வைத்திருந்தாளாம். புத்தகத்தின் நடுவில் காணாமல்போன அந்த ஒற்றைத் தாள். லிங்கசாமி பிஸ்கட்டை ஒதுக்கிவிட்டு, தலையைச் சாய்த்துக் கீழே இருந்த தமிழ் உரையைப் படித்தார். வெளியே பார்க்கும் மனத்துக்குத்தான் இவையெல்லாம் சித்தி, உள்ளே போகிறவனுக்கு இவை இடைஞ்சல், இதில் மயங்கி நின்றுவிடாதே என்று இருந்தது.

"அம்சா, இங்க வா. இதைப் படி."

அவள் படித்தாள். "அடக் கடவுளே. இந்தத் தாளை முதல்லயே பாத்திருந்தா உங்களுக்கு இடுப்புப் புடிச்சிருக்காதுங்க."

"பொட்டலம் கட்டுனதே நீதானே!"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தாளை எடுத்துக்கொள்ளட்டுமா என்று மூக்கம்மாவிடம் கேட்க நினைத்தவர் கேட்கவில்லை. அது அங்கேயே இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு தனக்குச் சக்தி எதுவும் இல்லை என்று லிங்கசாமி கடையில் நின்று சத்தியம் செய்துகூடப் பார்த்தார். கேட்பார் இல்லை. சித்தர் என்றால் அப்படித்தான் சொல்வார் என்று இன்னும் பலமாக நம்பினார்கள். அவரும் விடியற்காலை மூட்டைமேல் ஏறுவதை விடவில்லை. ஆனால் தராசில் ஏறிப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அடுத்த வருஷப் போகிக்கு அக்காளும் தங்கையும் கைகோத்துக்கொண்டு கடைப்படி ஏறினார்கள். செல்லக்கண்ணு பொங்கலுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே லிங்கசாமி எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துப் பலகைமேல் அடுக்கினார். டின் பால் இரண்டு, சுருட்டு நாலு, கிரீம் பிஸ்கட் இரண்டு.

மூக்கம்மா அதில் பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒண்ணு போதும் மொதலாளி. அம்மா ஒருத்திதானே."

சித்தர் தப்பாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அம்சவேணி பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மிச்ச டின்னை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தார்.